ஊர் தள்ளி ஒரு தோட்டத்து வீடு: மதுரைப் பக்கம் தனித்து வாழ முழுமையான வழிகாட்டி

மதுரையை விட்டு எந்தத் திசையில் கிளம்பினாலும் சிறிது தூரத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடுகரை வந்துவிடும். மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசன வயல், உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிச் செம்மண், திருமங்கலம் தாண்டி டி.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல், நத்தம் ரோட்டில் மலையடிவாரத்து மாந்தோப்பு. இவற்றில் ஏதோ ஒரு மூலையில் ஒன்றோ இரண்டோ ஏக்கர் வாங்கி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு இல்லாத இடத்தில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் பாதி பயன்படும். ஆனால் இராத் தங்குகிறவர்கள்தான் என் கண் முன்னால் இருக்கிறார்கள்.

தனியிடத்து வாழ்க்கை இனிக்க வேண்டுமென்றால் அங்கே பயம் இருக்கக் கூடாது. பாதை அடைபடுமோ, தண்ணீர் வற்றுமோ, பாம்பு வருமோ, திருடன் வருவானோ, நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடுகளை முடித்த பிறகுதான் அமைதி காதில் விழும்.

முதல் படி: நிலத்தைப் பார்க்கும் முன் காதால் கேளுங்கள்

தரகர் காலை பத்து மணிக்குக் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் தனியாக மூன்று வேளை போக வேண்டும்: விடியற்காலை, உச்சி வெயில், இரவு ஒன்பது மணிக்கு மேல். வண்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். நான்குவழிச் சாலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இரவில் லாரி டயரின் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். கல்குவாரியும் கிரஷரும் எங்கே இருக்கின்றன, வெடி எத்தனை மணிக்கு வைக்கிறார்கள் என்று டீக்கடையில் கேளுங்கள். கோழிப்பண்ணை அருகில் இருந்தால் ஈத்தொல்லை தீராது. செங்கல் காளவாசல் இருந்தால் காற்று திரும்பும் மாதங்களில் புகை உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

ஆடி மாதம் கட்டாயம் ஒருமுறை போங்கள். கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் எந்த மரத்தில் கட்டுகிறார்கள், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். அதே மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றின் வேகமும் தெரியும். ஐப்பசி மழையில் இன்னொரு முறை போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஓடை எந்த வழியில் இறங்குகிறது, பாதையில் கார் போகுமா என்பதெல்லாம் தெரியும். கண்மாயின் உள்வாயை (தண்ணீர் தேங்கும் உட்பகுதியை) ஒட்டிய நிலம் கோடையில் விலை மலிவாகத் தெரியும். கண்மாய் நிறைந்தால் அதன் ஒரு பகுதி தண்ணீருக்குள் இருக்கும். வரத்துக்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, கலிங்கு (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் வாய்) எந்தப் பக்கம் பாய்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் கூகுள் வரைபடத்தில் இல்லாததெல்லாம் கிடைக்கும்.

கூடவே செல்போன் சிக்னல். இரண்டு வேறு கம்பெனி சிம்மை எடுத்துப் போய், வீடு கட்டப் போகும் இடத்திலேயே நின்று பேசிப் பாருங்கள். இது சின்ன விஷயமில்லை, உயிர் விஷயம்.

இரண்டாம் படி: பத்திரமும் பாதையும்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்), குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள். இவற்றை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, நிலமற்றவர்களுக்குத் தானமாகக் கொடுத்த பூமிதான நிலமா, கோயில் நிலமா, ஓடைப் புறம்போக்கு உள்ளே விழுகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மலையடிவாரத்துச் சில கிராமங்களில் கட்டடம் கட்டத் தனி அனுமதி வேண்டும். அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வீட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பாதைதான். “காலங்காலமா இந்த வழியாத்தான் போறோம்” என்று விற்பவர் சொல்வார். அவர் போனார், அவரை யாரும் மறிக்கவில்லை. நீங்கள் வேற்றூர்க்காரர். பக்கத்துக் காட்டுக்காரர் நாளைக்கே வரப்பை வெட்டி முள்ளை இழுத்துப் போட்டால், 20 வருடம் இடைவிடாமல் நடந்த பாதைக்குச் சட்டத்தில் உரிமை உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். எனவே வண்டிப்பாதை புலப்படத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதைக்குரிய நிலத்துக்காரரிடம் அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, பதிவு செய்து வாங்க வேண்டும். 12 அடிக்குக் குறைந்தால் ஜல்லி லாரியும் ஆம்புலன்ஸும் திணறும். கிணற்றில் பங்கு இருந்தால் எத்தனை பங்கு, யாருக்கு எந்த நாள் முறை என்பதும் பத்திரத்தில் வரவேண்டும்.

வாங்கியதும் சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றுங்கள். அளக்கும் நாளில் நான்கு எல்லைக்காரர்களையும் கூப்பிட்டு, வடை டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் கண் முன்னால் ஊன்றுங்கள். பின்னால் வரும் பல சண்டைகள் அன்றைக்கே முடிந்துவிடும்.

மூன்றாம் படி: தண்ணீர்

இந்தப் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மிச்ச மாதங்களை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பலரும் முதலில் போர் போடுவார்கள். நான் முதலில் கூரையைப் பார்க்கச் சொல்வேன். 1000 சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே விழுகிறது. சிதறியது போக எட்டாயிரம் தேறும். நாலு பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 7300 லிட்டர். அதாவது ஒரு பருவத்தின் சில நல்ல மழைகள் உங்கள் ஒரு வருடக் குடிநீரைத் தந்துவிடும். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று, வெளிச்சம் புகாமல் மூடி, முதல் மழையைக் கழித்துவிட ஒரு திருப்புக் குழாய், கரியும் மணலும் போட்ட வடிகட்டி. இவ்வளவுதான். இந்தத் தண்ணீரில் வேகும் பருப்பின் ருசி தெரிந்தவர்கள் கேன் தண்ணீர் வாங்க மாட்டார்கள்.

குளிக்க, துவைக்க, செடிக்கு கிணறோ போரோ. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நல்லது என்பது இந்தியத் தர அளவு. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறார்கள். நைட்ரேட், ஃபுளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். கழிவறைக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல், சரிவின் கீழ்ப்பக்கம் தோண்டுங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை ஒன்று வெட்டினால் கிணறு ஊறும், பறவைகளும் வந்து சேரும்.

நான்காம் படி: கரண்ட்

கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுக்கக் கூடாது. பிடித்தால் அபராதம், இணைப்பும் போகும். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். கம்பம் எத்தனை போட வேண்டும் என்பதைப் பொறுத்துச் செலவு ஏறும் என்பதால் நிலம் வாங்கும்போதே கடைசிக் கம்பம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று எண்ணிவிடுங்கள். காற்றடித்தால் லைன் போகும், அதுவும் தோட்டத்து லைன் கடைசியாகத்தான் சரிசெய்யப்படும். 1 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஃபேன், லைட், சின்ன ஃப்ரிட்ஜ் ஓட அதுவும் ஒரு பேட்டரியும் போதும். நல்ல எர்த் போடுங்கள். சித்திரைக் கோடைமழையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும். வெட்டவெளியில் உங்கள் வீடுதான் உயரமாக நிற்கும். வானம் கறுத்தால் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே இருங்கள். பனை, தென்னை அடியில் ஒதுங்காதீர்கள்.

ஐந்தாம் படி: வீட்டை எப்படி நிறுத்துவது

நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குச் சுவர் சின்னதாக இருக்கட்டும், அதற்கு வெளியே பூவரசோ வேம்போ நிழல் போடட்டும். 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயிலில் இந்த ஒன்றே ஏ.சி. செலவைக் குறைக்கும். சுற்றித் தாழ்வாரம், முன்னால் அகலத் திண்ணை. மொட்டை மாடி போட்டால் வருடா வருடம் சுண்ணாம்பு அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டாம். தரைமட்டம் மூன்றடி உயர்ந்திருக்கட்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் ஐப்பசிக் காற்று வடகிழக்கிலிருந்தும் வருவதால் மாட்டுக் கொட்டகையைத் தென்கிழக்கில் போட்டால் அந்த மாதங்களில் சாண நாற்றம் வீட்டுக்குள் வராது. எரு குழியும் அந்தப் பக்கமே.

வேலிக்குக் கம்பி மட்டும் போதாது. புரட்டாசிக் கடைசியில் கிளுவைப் போத்து (கிளுவை மரத்தின் கிளைத் துண்டு) நெருக்கமாக ஊன்றினால் மழையில் வேர் பிடித்து, சில வருடங்களில் ஆடு புகாத உயிர்வேலி ஆகிவிடும். இடையிடையே பனங்கொட்டை போடுங்கள். அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு. காட்டுப்பன்றிக்குப் பயந்து வேலியில் நேரடிக் கரண்ட் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், ஆடு மேய்க்கிற பிள்ளையும் உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதே வேலியைத்தான் தொடுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஆறாம் படி: பாம்புகளோடு வாழ

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தார் தோட்டத்தில் இரவு தங்க மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நம் காட்டில் உயிருக்கு ஆபத்தானவை முக்கியமாக நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நல்லபாம்பு எலியைத் தேடி வரும். கண்ணாடிவிரியன் வைக்கோல், சருகு, கடலைக்கொடிக் குவியலில் அசையாமல் கிடக்கும், மிதித்தாலோ மிக நெருங்கினாலோ கடிக்கும். சுருட்டை கல்லாங்காட்டில் கல்லுக்கடியில் சுருண்டிருக்கும். இந்த மூன்றையும் செருப்பும் டார்ச்சும் பெரும்பாலும் தடுத்துவிடும்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று ஆரம்பித்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். ஆகவே தோட்டத்து வீட்டில் முதல் விதி: தரையில் படுக்கக் கூடாது. கட்டில், அதன் மேல் கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பதினைந்தடிக்குப் புல், செங்கல் குவியல், விறகு அடுக்கு எதுவும் வேண்டாம். கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். சாக்கடைக் குழாய் வாயில் வலை போடுங்கள். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். கோழித் தீவனத்தைத் தகர டிரம்மில் மூடி வையுங்கள், ஏனென்றால் தீவனத்துக்கு எலி, எலிக்குப் பாம்பு. சாரைப்பாம்பை அடிக்க யாரையும் விடாதீர்கள். அதற்கு விஷமில்லை, எலியைத் தீர்ப்பதும் அதுதான். கின்னிக்கோழி நாலைந்து வளர்த்தால் பாம்பைக் கண்டதும் கூட்டமாகக் கத்திக் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ கம்பு வைத்து ஆடாமல் கட்டுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. பார்வை பார்க்க, மந்திரிக்க என்று எங்கும் நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது காரில் கிளம்புங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இந்த நாலு பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளில் உங்களுக்கு எது பக்கம், இரவில் அங்கே போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை.

ஏழாம் படி: பக்கத்து ஊரோடு உறவு

தனியாக இருக்க வேண்டுமென்றால் ஊரோடு நன்றாக இருக்க வேண்டும். ஊர் உங்களைத் தெரிந்துவைத்திருந்தால், புதுமுகம் ஒன்று உங்கள் பாதையில் திரும்பும்போதே “யாருப்பா நீ, யாரைப் பார்க்கப் போற?” என்ற கேள்வி டீக்கடையிலிருந்து எழும். எந்தக் கேமராவும் இப்படிக் கேட்காது. கேமராவும் வையுங்கள், சிம் போட்டது. ஒரு சிப்பிப்பாறையோ நல்ல நாட்டுநாயோ வளருங்கள். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் முதல் காவல் ஊர்தான்.

ஊருக்குள் கார் ஓட்டினால் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். வயதுக்கேற்ப அண்ணே, மாமா, அப்பத்தா என்று கூப்பிடுங்கள். சாமி கும்பிட வரி போட்டால் உங்களைத் தலைக்கட்டில் (ஊர்வரி கட்டும் குடும்பக் கணக்கில்) சேர்க்கிறார்களோ இல்லையோ, நீங்களே போய்க் கொடுங்கள். காதணி விழா, கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் நேரில் போய் மொய் எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை என்பது நோட்டுப் போட்டு நினைவில் வைக்கப்படும் உறவு. துட்டிக்கு (சாவு வீட்டுக்கு) போவது அதைவிட முக்கியம். கல்யாணத்துக்குப் போகாததை ஊர் மன்னிக்கும், துட்டிக்கு வராதவரை மன்னிக்காது.

மேய்ச்சல்காரர்கள் காலங்காலமாக உங்கள் நிலத்தின் வழியாகப் போயிருப்பார்கள். ஒரேயடியாக அடைக்காமல் ஓரமாக ஒரு தடம் விட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிவையுங்கள். வேலைக்கு வருகிறவருக்குக் கூலியை அன்றைக்கே கொடுங்கள். அவரிடம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நோய் என்ன, யாருக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். ஒரு வேண்டுகோளையும் முன்பே வைத்துவிடலாம்: “மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலு வரைக்கும் கூப்பிடாதீங்கண்ணே, அவசரம்னா மட்டும் வாங்க.” மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். இப்படித்தான் தனிமைக்கு ஊரே வேலியாக நிற்கும்.

எட்டாம் படி: இனி அனுபவியுங்கள்

இவ்வளவும் முடிந்த பிறகு பலருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. போனை எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் ஒரு மாதம் நிலத்தில் எதையும் நடாமல், வெட்டாமல், காலையும் மாலையும் எல்லையைச் சுற்றி நடங்கள். எந்த மரத்தில் தூக்கணாங்குருவி, கௌதாரி எந்தப் புதரில், மயில் எங்கே அடைகிறது, ஆள்காட்டி எதைக் கண்டு கத்துகிறது என்று தெரியவரும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது மட்டும் உடனே செய்ய வேண்டிய வேலை. மற்ற முட்செடிகளை அவசரப்பட்டு அழிக்காதீர்கள், பாதிப் பறவைகள் அதில்தான் இருக்கின்றன.

பம்புசெட் தொட்டியில் காலைக் குளியலை வழக்கமாக்குங்கள். நகரத்தில் பக்கத்து வீட்டுக்குப் பயந்து நிறுத்திய பாட்டு, தவில், பறை, எதுவானாலும் இங்கே தொடங்கலாம். குரல் எடுத்துச் சாதகம் செய்ய இதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். திறந்தவெளியில் இரவில் அது அடுத்த ஊர்வரை போகும், குருவிகளையும் விரட்டும்.

இரவில் வெளி விளக்கை அணையுங்கள். தேவையான இடத்தில் ஆள் வந்தால் மட்டும் எரிகிற சோலார் விளக்குப் போதும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் வடநாட்டார் பலருக்குத் தெரியாத தென்வானம் நமக்குக் கிடைக்கிறது. மார்கழி முதல் மாசி வரை தெற்கே அகத்திய நட்சத்திரம் தனியாக மின்னும். வைகாசி முன்னிரவில் திரிசங்கு என்கிற நான்கு நட்சத்திரச் சிலுவை தென்வானில் தாழ்வாக நிற்கும். ஆனி, ஆடியில் மேகம் விலகும் நேரத்தில் விருச்சிகத்தின் கொடுக்கு முழுதாகத் தெரியும். டிசம்பர் நடுவில் எரிகற்கள் விழுவதைக் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே எண்ணலாம். பகலிலும் ஒன்று உண்டு. சித்திரை பிறந்த ஓரிரு நாளிலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நண்பகல் 12.20 மணியையொட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சாப்பாட்டில் ஒரு பங்காவது நிலத்திலிருந்து வரட்டும். வீட்டுக்கருகில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை. சமையலறையிலிருந்து வெளியேறும் தண்ணீரே அவற்றுக்குப் போதும். சிறுவிடைக் கோழி பத்து இருந்தால் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். மானாவாரியில் குதிரைவாலியோ எள்ளோ ஒரு துண்டு விதைத்துப் பாருங்கள். வருமானத்துக்காக அல்ல, வானத்தைப் பார்க்கும் பழக்கம் வருவதற்காக.

துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தனிமை உங்களைப் போலவே பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் மதுரைக்குப் போவதை முறையாக வைத்துக்கொள்ளுங்கள்: காய்கறி, மாத்திரை, மீனாட்சி கோயில், சொந்தக்காரர் வீடு. விருந்தாளிகளை மாதத்தில் ஒருமுறை, சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், தைப்பொங்கல் என்று முன்பே சொல்லி அழையுங்கள். வருகிறவர்களிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஊருக்குள் ஹாரன் அடிக்க வேண்டாம், இருட்டிய பின் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம், கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும்.